காதலா, விருப்பமா? – 'லவ்' என்னும் சொல்லும் கிழக்கிலங்கைக் கவிகளும்

இலக்கிய விமர்சனத்திற் கையாளப்படும் சொற்கள் யாவும் விமர்சகர் ஆராய்ந்து தெரிந்தெடுத்தவை என்று கூறுவதற்கில்லை. சில சொற்கள் பிறமொழிக் கருத்தொன்றைத் தமிழ் உருவிற் சுமந்துவந்து, எழுதுவோர் அறியாமலே அவர்தம் நோக்கை வகுத்துவிடுகின்றன. கிழக்கிலங்கையின் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களில், மருதமுனை, கல்முனை முதலாகத் தெற்கே பொத்துவில் வரை, வாய்மொழியாக வழங்கிவந்த 'கவி' என்னும் நாட்டார் பாடல்வகை பற்றிய எழுத்துக்கள் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். நான்கடிகளில் அமைந்து, நெடிது இழுத்துப் பாடப்படும் இப்பாடல்களைக் 'காதற் பாடல்கள்' என்று வகைப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. கவிஞர் அனார் தொகுத்து 2013ஆம் ஆண்டிற் க்ரியா வெளியிட்ட 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்னும் நூலும் 'கிழக்கிலங்கை நாட்டார் காதல் பாடல்கள்' என்னும் துணைத்தலைப்பையே பெற்றுள்ளது.

இவ்வகைப்பாடு பிழையானது என்று எளிதிற் கூறிவிட முடியாது. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் நாடிப் பாடும் பாடல்களுக்கு வேறு என்ன பெயர் இடலாம் என்று கேட்பது நியாயமே. ஆயினும் 'காதல்' என்று இன்றைய விமர்சகர் கூறும்பொழுது அவர் மனத்திலே நிற்கும் பொருள் யாது என்பது ஆராயத்தக்கது. அது பழந்தமிழ்ச் சொல்லின் பொருளன்று. பெரும்பாலும் ஆங்கிலத்து 'லவ்' என்னும் சொல்லின் பொருளே. அப்பொருளோடு கவிகளை அணுகும்போது அவற்றிலே கேட்கும் பெண்குரலின் ஒரு முக்கியமான பகுதி கேளாமற் போய்விடுகிறது. இதனை விளங்கிக்கொள்வதற்கு முதலில் அவ்வாங்கிலச் சொல்லையும், பின்னர் பொத்துவில் போன்ற ஊர்களின் அன்றாட வழக்கையும், அதன்பின் கவிகளையும் நோக்குதல் வேண்டும்.

1. ஒரு சொல்லின் அகலம்

ஆங்கில மொழியின் உணர்ச்சிச் சொற்களுள் 'லவ்' என்பதைப் போல் எங்கும் நுழைந்து நிற்கும் சொல் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே. தாய் மகன்மேற் கொள்வதும் அதுவே. மணமக்கள் ஒருவர்மேல் ஒருவர் கொள்வதும் அதுவே. பக்தன் கடவுளிடத்தும், குடிமகன் நாட்டினிடத்தும், சிறுவன் மாம்பழத்தினிடத்தும் கொள்வது அதே சொல்லாற் சுட்டப்படுகின்றது. கடிதத்தின் இறுதியிற் கையொப்பத்துக்கு மேலே அது வெறும் மரியாதைச் சொல்லாக நிற்கின்றது. இங்கிலாந்தின் சில பகுதிகளிற் கடைக்காரர் முன்பின் அறியாத வாடிக்கையாளரையும் அச்சொல்லால் விளிப்பர். ரெனிஸ் ஆட்டத்திலே அச்சொல் பூச்சியத்தைக் குறிக்கும். இத்துணை அகலமுடைய சொல் ஒருவகையில் வசதியானது; பிறிதொரு வகையில் ஆழம் குன்றியது. ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1960இல் நால்வகை அன்பு பற்றி ஒரு நூல் எழுத நேர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். குடும்பப் பாசம், நட்பு, ஆண்பெண் நாட்டம், கைம்மாறு கருதாத அருள் என்பவற்றைப் பிரித்துக் காட்டுவதற்கு அவர் கிரேக்க மொழியின் நான்கு சொற்களை நாட வேண்டியதாயிற்று.

பொருளின் அகலத்தைவிட அச்சொல்லின் இலக்கண நிலையே இங்கு பெரிதும் மனங்கொள்ளத்தக்கது. ஆங்கிலத்தில் அது பெயராகவும் வினையாகவும் நிற்கும். வினையாக நிற்கும்போது 'நான்' எழுவாய்; 'நீ' செயப்படுபொருள். உணர்ச்சி என்பது ஒருவர் மற்றொருவர்மீது நிகழ்த்தும் செயலாக அங்கே உருப்பெறுகின்றது. செய்பவர் ஒருவர் இருப்பதனால் அச்செயலுக்குப் பொறுப்பும் அவரையே சாரும். இக்கூற்றின் முக்கியத்துவம் பின்னர் விளங்கும்.

2. தமிழில் 'காதல்' அடைந்த மாற்றம்

தமிழ் இப்பரப்பைப் பல சொற்களாற் பகுத்துக்கொண்டது. அன்பு, அருள், பாசம், நேசம், நட்பு, பற்று, காமம், காதல் என்பன ஒன்றுக்கொன்று உறவுடையவையாயினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று எப்போதும் நில்லா. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினைக் கூறுகின்றார். அவ்வெட்டனுள் 'காதல்' என்ற பெயர் இல்லை. திருக்குறளின் மூன்றாம் பால் காமத்துப்பால் என்றே வழங்கியது. 'காதல்' என்னும் சொல் அப்பாலின் ஓர் அதிகாரத் தலைப்பிலே, 'காதற் சிறப்புரைத்தல்' என்பதில், இடம்பெறுகின்றது. பிற்காலத்தவர் சிலர் காமத்துப்பாலை இன்பத்துப்பால் எனப் பெயரிட்டு வழங்கியதே உணர்ச்சிச் சொற்களின் மதிப்பு காலந்தோறும் மாறுவதைக் காட்டும்.

பழைய வழக்கிலே 'காதல்' என்பது ஆண்பெண் உறவுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. மகனைக் 'காதலன்' என்றும் மகளைக் 'காதலி' என்றும் குறிக்கும் வழக்கு இருந்தது. இன்று ஒரு தந்தை தன் மகனை அச்சொல்லாற் குறிப்பாராயின் கேட்போர் நகைப்பர். சொல்லின் பரப்பு சுருங்கி, மணத்திற்கு முன் இளைஞன் ஒருவனும் யுவதி ஒருத்தியும் தாமே தேர்ந்து கொள்ளும் நாட்டம் என்ற ஒன்றிலே அது நிலைகொண்டுவிட்டது. இச்சுருக்கத்திற்கு நவீன நாவலும் சிறுகதையும், அவற்றிலும் மேலாகத் திரைப்படமும் துணைபுரிந்தன. விவிலியத்தை மொழிபெயர்த்தோர் 'லவ்' என்பதன் சமயப் பொருளுக்கு அன்பு, நேசம் ஆகிய சொற்களைக் கையாண்டனர். அன்பு சமயத்துக்கும், பாசம் குடும்பத்துக்கும் என்று பங்கிடப்பட்டபின் எஞ்சிய பங்கு காதலுக்கு வந்தது எனலாம். எனவே இன்றைய 'காதல்' என்பது, வடிவத்தாற் பழந்தமிழ்ச் சொல்லாயினும், பொருளால் ஆங்கிலச் சொல்லின் ஒரு கூற்றுக்கு நிகராக வார்க்கப்பட்டதாகும்.

முஸ்லிம் தமிழ் மரபு இவ்விடத்திலே தனியே நோக்கத்தக்கது. குணங்குடி மஸ்தான் சாகிபு இறைவனை 'மனோன்மணி' என்னும் பெண்ணாக விளித்துப் பாடியமை யாவரும் அறிந்தது. 'முஹப்பத்' என்னும் அறபுவழிச் சொல் இறைவன்மீதும் நபிகள்மீதும் கொள்ளும் அன்பைச் சுட்டி இன்றும் சமயப் பேச்சிலே பயில்கின்றது. உயர்ந்த சொற்கள் இவ்வாறு இறையன்புக்கு உரியனவாகிவிட, மனிதர் ஒருவரையொருவர் நாடுவதற்கு மக்கள் எச்சொற்களை வைத்துக்கொண்டனர் என்னும் வினா எழுகின்றது.

3. பொத்துவில் வழக்கு

பொத்துவில், கொழும்பிலிருந்து மொனறாகலை வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் நெடுஞ்சாலை கிழக்குக் கடலைத் தொடும் இடத்திலே அமைந்தது. வேளாண்மையும் மீன்பிடியும் ஊரின் பழைய தொழில்கள். தெற்கே அண்மையிலுள்ள அறுகம்பையின் அலைகளை நாடி வெளிநாட்டார் வரத் தொடங்கியபின் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தின் வழியாக மட்டுமன்றிக் கடற்கரையின் வழியாகவும் ஊருக்குள் நுழைந்தது. சோற்றையும் அலையையும் அந்திவானத்தையும் ஒரே சொல்லாற் பாராட்டும் விருந்தினரின் பேச்சு அங்குள்ள இளைஞர்க்குப் பழக்கமானது. ஓட்டோவின் பின்புறத்திலும் மேற்சட்டையின் முன்புறத்திலும் அச்சொல் காட்சி தருகின்றது.

ஆயினும் ஊர்ப்பேச்சின் உள்ளே உணர்ச்சியைச் சுட்டும் சொற்கள் வேறானவை. அவற்றுள் முதன்மையானது 'விருப்பம்'. தமிழ்நாட்டார் 'எனக்குப் பிடிக்கும்' என்று கூறும் இடங்களில் இலங்கைத் தமிழர் 'எனக்கு விருப்பம்' என்பர். உணவிலும் ஊரிலும் ஆளிலும் விருப்பம் உண்டாகலாம். இவ்வகையில் அது ஆங்கிலச் சொல்லைப் போன்று அகன்றதாயினும், ஒரு வேறுபாடு உண்டு. 'விருப்பம்' என்பது நாட்டத்தை மட்டும் அன்றிச் சம்மதத்தையும் குறிக்கும். 'எனக்கு இந்தக் கலியாணத்தில விருப்பமில்ல' என்று ஒரு பெண் கூறும்போது அவள் தன் மனநிலையை வருணிக்கவில்லை, முடிவொன்றை அறிவிக்கின்றாள்.

இரண்டாவது சொல் 'இரக்கம்'. எழுத்துத் தமிழில் இது துன்புறுவோர்மீது கொள்ளும் கருணையாகும். ஊர்வழக்கிலோ 'வாப்பாக்கு மூத்த மகள்ல நல்ல இரக்கம்' என்பது அம்மகள் துன்புறுகின்றாள் என்று பொருள்படாது. அவள்மீது தந்தைக்கு மிகுந்த பாசம் என்பதே பொருள். மூன்றாவது 'ஆசை'. 'உம்மாவக் காண ஆசையா இரிக்கு' என்பதிற் பிரிவும் ஏக்கமும் ஒருங்கே அடங்கும். இம்மூன்று சொற்களும் ஓர் இலக்கண ஒற்றுமை உடையன. மூன்றிலும் உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கின்றார்: எனக்கு விருப்பம், வாப்பாக்கு இரக்கம், அவளுக்கு ஆசை. உணர்ச்சி அவருக்கு வருகின்றது. அவர் அதனைச் செய்வதில்லை. பசி, தாகம், காய்ச்சல் என்பன எவ்வாறு ஒருவர்க்கு வருமோ அவ்வாறே விருப்பமும் வரும். வந்த ஒன்றைக் கூறுவதில் வெட்கம் இருக்கலாம், குற்றம் இல்லை.

'லவ்' இவ்வழக்கினுள் நுழைந்தபோது வேறோர் இலக்கணத்தைக் கொண்டுவந்தது. பிறமொழிப் பெயர்களைத் தமிழில் வினையாக்கும் 'பண்ணு' என்னும் துணைவினையோடு சேர்ந்து 'லவ் பண்ணுதல்' ஆயிற்று. எழுவாய் முதலாம் வேற்றுமைக்கு மாறிற்று. அச்சொல் எந்த வாக்கியத்திற் பெரிதும் பயில்கின்றது என்று உற்று நோக்குவோர்க்கு மற்றொரு செய்தியும் புலனாகும். 'அவள் அவன லவ் பண்ணுறாளாம்' என்பதே அதன் இயல்பான வாக்கியம். இறுதியில் நிற்கும் 'ஆம்' பிறர் கூறக் கேட்டது என்பதைச் சுட்டும் இடைச்சொல். சுருங்கக் கூறின், 'விருப்பம்' என்னும் சொல் 'எனக்கு' என்பதோடு சேர்கின்றது. 'லவ்' என்னும் சொல் 'ஆம்' என்பதோடு சேர்கின்றது. முன்னையது உணர்ந்தவரின் வாக்குமூலம். பின்னையது ஊரார் சுமத்தும் குற்றச்சாட்டு.

இதற்கு விதிவிலக்குப் போலத் தோன்றுவது 'ஐ லவ் யூ' என்னும் தொடர். அதனைத் தன்மையிலேயே கூறுகின்றனர். ஆயின் அங்கே சொல் மட்டும் அன்றி வாக்கியம் முழுவதுமே கடன் வாங்கப்படுகின்றது. 'நான் உன்னைக் காதலிக்கின்றேன்' என்னும் தமிழ் வாக்கியத்தைத் திரையரங்கிலன்றிக் கிணற்றடியிலோ கடற்கரையிலோ எவரும் கேட்டிருத்தல் அரிது. தமிழிற் கூற நா எழாத ஒன்றை ஆங்கிலத்திற் கூறிவிடலாம். கூறியபின் விளையாட்டு என்று தப்பித்துக்கொள்ளவும் இயலும். 'லவ் மெரேஜ்' என்னும் தொடரும் பேசிச் செய்யும் கலியாணத்துக்கு மறுதலையாகவே பொருள் பெறுகின்றது. இவ்வாறு நோக்கும்போது 'லவ்' என்பது கிழக்கிலங்கைப் பேச்சில் உணர்ச்சியின் பெயராக இருப்பதிலும் பார்க்க, ஒழுங்கு மீறலின் பெயராகவே பெரிதும் தொழிற்படுகின்றது எனலாம்.

4. கவிகள் கூறுவது யாது?

இப்பின்னணியிற் கவிகளை நோக்குதல் வேண்டும். அறுவடைக் காலத்தும், இரவிலே யானைக்கும் பன்றிக்கும் காவல் காக்கும் பரண்களிலும், வேலிக்கு இப்பாலும் அப்பாலும் பாடப்பட்டவை அவை. பெண்குரலில் அமைந்தவை யாவற்றையும் பெண்களே பாடினர் என்று கொள்ள வேண்டியதில்லை. பரணிலிருந்த ஆடவன் பெண்குரலை எடுத்துப் பாடியதும் உண்டாகலாம். எனினும் அக்குரல் கூறும் செய்திகள் ஊரார்க்கு நம்பத்தக்கனவாக இருந்தமையாலேயே அவை நினைவில் நின்றன.

இக்கவிகளிற் பெரும்பாலானவற்றில் உணர்ச்சிக்குப் பெயரிடப்படுவதில்லை என்பதே முதலிற் குறிப்பிடத்தக்கது. காதல் என்னும் சொல்லை அவற்றிலே காண்பது அரிது. அதன் இடத்தில் நிற்பது விளி. 'மச்சான்' என்றும் 'மச்சி' என்றும் 'கிளி' என்றும் ஒருவரையொருவர் அழைப்பதிலேயே பாடலின் பெரும்பகுதி உணர்த்தப்பட்டுவிடுகின்றது. க. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆய்வில், வாய்மொழிப் பாடலுக்கு மீண்டும் மீண்டும் வரும் வாய்பாடுகள் அடிப்படையாதலைக் காட்டினார். கவிகளின் விளிகளும் அத்தகைய வாய்பாடுகளே. ஆயினும் அவை ஓசை நிரப்பும் வெற்றுச் சொற்கள் அல்ல.

'மச்சான்' என்னும் முறைச்சொல்லை எடுத்துக்கொள்வோர், அது மாமன் மகனையும் மாமி மகனையும் குறிப்பது என்பதையும், அவன் மணந்துகொள்ளத்தக்க முறையினன் என்பதையும் மறத்தல் ஆகாது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே தாய்வழிக் 'குடி' அமைப்பும், மணமகன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழும் வழக்கமும், பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாக வழங்கும் முறையும் நிலவி வருவதை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் கூறியுள்ளார். இச்சமுதாயத்தில் ஒரு பெண் ஒருவனை 'மச்சான்' என்று விளிப்பது 'நீ எனக்கு முறையானவன்' என்று உரிமை கூறுவதாகும். இரத்த உறவில்லாத ஒருவனை அவ்வாறு அழைப்பின், அது அவனுக்கு அவ்விடத்தை அளிப்பதாகும். உணர்ச்சி இங்கே அறிவிக்கப்படவில்லை, உறவு நிறுவப்படுகின்றது. அச்சொல்லே இன்று இனபேதமின்றி இலங்கை இளைஞர் தம் தோழரை அழைக்கும் பொதுச்சொல்லாகிவிட்டமையால், கவிகளைப் படிக்கும் இளந்தலைமுறையினர்க்கு அதன் பழைய கூர்மை தோன்றாமற் போகலாம்.

விளியை அடுத்து வருவது செயல். கவியிலே பெண் தன் மனத்தை வருணித்துக்கொண்டிராமல் ஏதேனும் ஒன்றைச் செய்கின்றாள். அழைக்கின்றாள், வராதே என்று தடுக்கின்றாள், பெற்றோரிடம் முறைப்படி வந்து கேள் என்று நிபந்தனை விதிக்கின்றாள், தூரத்து வட்டைக்கு வேளாண்மைக்குச் சென்றவன் திரும்பாமை குறித்து வினவுகின்றாள், வாக்களித்துக் கைவிட்டவனைச் சபிக்கின்றாள், சீதனம் குறைந்தமையால் உறவு முறிந்ததை இடித்துரைக்கின்றாள். இவை யாவற்றையும் 'காதல்' என்னும் ஒரு பெயரின் கீழ் அடக்கும்போது, நிபந்தனையும் மறுப்பும் சாபமும் 'ஏக்கம்' ஆகிவிடுகின்றன. தன் நிலையை நன்கறிந்து பேரம் பேசும் பெண், நிலவைப் பார்த்துப் பெருமூச்சு விடும் பெண்ணாகிவிடுகின்றாள். ஆங்கிலச் சொல்லின் நிழலிலே நின்று நோக்குவதனால் விளையும் நட்டம் இதுவே.

இதற்கு மாற்றான நோக்கினைத் தேடிப் பிறநாடு செல்ல வேண்டியதில்லை. அகப்பாடல்களை வகுத்த பழந்தமிழ் இலக்கண நூலோர் உணர்ச்சியின் பெயரால் மட்டும் அவற்றை வகுக்கவில்லை. கூறுபவர் யார், யாருக்குக் கூறுகின்றார், எந்நிலையிற் கூறுகின்றார் என்பவற்றை அடிப்படையாக வைத்துக் 'கூற்று' எனவும் 'துறை' எனவும் வகுத்தனர். விரைந்து மணந்துகொள்ளுமாறு தலைவனைத் தூண்டுவது வரைவு கடாதல். மறைந்த உறவைப் பெற்றோர்க்கு வெளிப்படுத்துவது அறத்தொடு நிற்றல். அயலார் பெண் கேட்டு வருவது நொதுமலர் வரைவு. ஊரார் தூற்றுவது அலர். முறைப்படி வந்து கேள் என்னும் கவி வரைவு கடாதலுக்கு எத்துணை நெருங்கியது என்பதை விளக்க வேண்டியதில்லை. 'லவ் பண்ணுறாளாம்' என்னும் இன்றைய வாக்கியமோ அலரின் புதிய வடிவமேயாகும். சங்கப் பாடல்களுக்கும் கவிகளுக்கும் நேர்த்தொடர்ச்சி உண்டென்று நிறுவ முயல்வது இங்கு நோக்கமன்று; இரண்டுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. கூற்றை அடிப்படையாகக் கொள்ளும் முறை கவிகளுக்குப் பொருத்தமான கருவி என்பதே கருத்து.

5. சொல்லும் கையொப்பமும்

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று எவரேனும் கருதக்கூடும். அவ்வாறன்று என்பதைக் காட்ட ஒரு சட்டம் போதும். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் இலங்கை முஸ்லிம்களின் மண உறவுகளை ஒழுங்குபடுத்துவதற்கு இயற்றப்பட்டது. ஆங்கிலத்தில் வரையப்பட்ட அச்சட்டத்திலே 'கைக்கூலி' என்னும் தமிழ்ச்சொல் அப்படியே எடுத்தாளப்பட்டு வரைவிலக்கணமும் பெற்றுள்ளது. மணமகளுக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பணத்தையும் அசையும் பொருளையும் அது குறிக்கும். அதனை மீளப் பெறுவதற்குக் காதியை நாடவும் அச்சட்டம் வழிசெய்தது. ஆனால் மணமகள் தன் கையால் ஒப்பமிடுவதற்கு அச்சட்டத்தின் மூல வடிவம் இடம் வகுக்கவில்லை; அவளுடைய சம்மதம் அவளது வலீயின் வாயிலாகவே பதிவுக்கு வந்தது. 2009இல் நியமிக்கப்பட்டு, நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் இயங்கி, 2018இல் அறிக்கை சமர்ப்பித்த குழுவின் பரிந்துரைகளுள் மணமகளின் கையொப்பமும் ஒன்றாயிற்று.

இங்கே ஒரு முரண் தெளிவாகின்றது. பணத்தைக் குறிக்கும் ஊர்ச்சொல் சட்டத்தில் ஏறிற்று. மனத்தைக் குறிக்கும் ஊர்ச்சொல் ஏறவில்லை. பெண்ணின் விருப்பம் பதிவேட்டில் அவள் கையால் எழுதப்படாத ஒரு சமுதாயத்தில், அது எங்கேனும் பதிவாகியிருக்க வேண்டுமாயின், வாய்மொழிப் பாடலே அவ்விடமாகும். விருப்பத்தையும் விருப்பமின்மையையும் நிபந்தனையையும் அவள் குரலிற் பேணிவைத்தவை கவிகளே. அவற்றைக் 'காதற் பாடல்கள்' என்று கூறி, மென்மையும் இனிமையும் பாராட்டி நிறுத்திக்கொள்ளும் விமர்சனம், ஒரு சாட்சியத்தை அலங்காரமாக மாற்றிவிடுகின்றது.

இதற்கு மறுப்பாக இரண்டு கூறலாம். கவிகளை ஊரார் இழிவாக நோக்கிய காலம் ஒன்று இருந்தது. வயலிலும் பரணிலும் பாடப்படுபவை வீட்டில் ஒலிக்கத் தகாதவை எனக் கருதப்பட்டன. அவற்றைத் திரட்டி அச்சேற்றியோர்க்குக் 'காதல்' என்னும் சொல் ஒரு கவசமாக உதவிற்று. இலக்கிய உலகம் மதிக்கும் பெயரொன்றை அவர்கள் அப்பாடல்களுக்குப் பெற்றுக்கொடுத்தனர். அதனை மறுத்தல் நன்றிகேடாகும். தொகுப்பாளர் தந்த பெயரைக் குறை கூறுவதன்று இங்குக் கருத்து. அப்பெயருக்கு அப்பாற் செல்லாத விமர்சகரின் சோம்பலே கண்டிக்கத்தக்கது. இரண்டாவது மறுப்பு 'லவ்' என்னும் சொல்லின் சார்பானது. அச்சொல் அலராகத் தொழிற்பட்டாலும், தானே தேர்ந்து மணத்தல் என்பதற்கு ஒரு பொதுப்பெயரைத் தந்தது. 'லவ் மெரேஜ்' என்று பெயரிடப்பட்டபின் அது பேசக்கூடியதாகவும், காலப்போக்கிற் சகிக்கக்கூடியதாகவும் ஆயிற்று. பெயரில்லாத ஒன்றுக்காக வாதாடுதல் எவர்க்கும் கடினம். இவ்வகையிற் கடன்சொல் செய்த தொண்டும் ஒப்புக்கொள்ளத்தக்கதே.

6. முடிபு

பெண்குரலில், பேச்சுமொழியில், முறையீடும் மறுப்புமாகப் பாடும் முறை கவிகளோடு முடிந்துவிடவில்லை. பொத்துவில் அஸ்மின் எழுதி, விண்டி குணதிலக பாடி, 2022இல் இலங்கைக்கு அப்பாலும் பரவிய 'ஐயோ சாமி' என்னும் பாடல், ஏமாற்றப்பட்ட பெண்ணொருத்தி தன்னை ஏமாற்றியவனை வேண்டாம் என்று தள்ளும் கூற்றாக அமைந்தது. சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பாடகி ஒருவர் அதனைத் தமிழிற் பாடினார் என்பதும், தமிழ் அறியாதோரும் அதனை விரும்பிக் கேட்டனர் என்பதும் கருதத்தக்கன. அதனையும் 'காதற் பாட்டு' என்றே கடைகளிலும் பேருந்துகளிலும் கூறுவர். உண்மையில் அது விருப்பமின்மையின் பாட்டு.

சொற்கள் மொழிவிட்டு மொழி செல்வதைத் தடுப்பது எவராலும் இயலாது. தடுக்க முயல்வதிற் பயனும் இல்லை. 'லவ்' என்னும் சொல் பொத்துவிலில் இனியும் வழங்கும்; அதன் பொருளும் மேலும் மாறும். விமர்சகரின் கடமை அச்சொல்லை விரட்டுவதன்று. தம் கையிலிருக்கும் 'காதல்' என்னும் சொல்லுக்குள் அது எவ்வளவு தூரம் புகுந்திருக்கின்றது என்பதை அறிந்து பயன்படுத்துவதாகும். 'இப்பாடலில் எவ்வுணர்ச்சி உள்ளது?' என்னும் வினாவுக்கு முன்னே, 'இப்பாடலில் இவள் யாரிடம் எதைக் கேட்கின்றாள்? எதற்கு மறுக்கின்றாள்?' என்னும் வினா எழுப்பப்படுமாயின், கவிகள் பற்றிய ஆய்வு ஒரு படி முன்னேறும். 'உனக்கு விருப்பமா?' என்று கிழக்கிலங்கை ஊர்களில் ஒரு பெண்ணிடம் கேட்கப்படும் அல்லது கேட்கப்படாமல் விடப்படும் வினாவும் அதுவே. பதிவேட்டில் ஒப்பமிட இடம் பெறாத கை, கவியிலே நான்கு அடிகளில் தன் ஒப்பத்தை இட்டிருக்கின்றது. அதனைக் காதல் என்று மட்டும் வாசித்தல் அந்த ஒப்பத்தை மீண்டும் ஒருமுறை அழிப்பதாகும்.